எல்ல மலைக் காற்றில் கேமிங் ஹெட்செட்

கேம் விளையாடி எழும் பிள்ளையின் காதோரத்தில் கருப்புச் செதில்கள் ஒட்டியிருக்கும். தலையணை உறையிலும் சட்டைக் கழுத்திலும் அதே செதில்கள். ஹெட்செட்டின் காதுக் குஷனைப் போர்த்தியிருக்கும் ரெக்சின் உரியத் தொடங்கிவிட்டது. ஸ்பீக்கர் ஒழுங்காகத்தான் இருக்கும், மைக்கும் வேலை செய்யும், வயரும் அறுந்திருக்காது. ஆனாலும் அந்த ஹெட்செட்டைப் போட மனம் வராது. ‘மட்டமான சாமான்’ என்று கடைக்காரரைத் திட்டுவோம். விலை கூடிய ஹெட்செட்டின் ரெக்சினும் உரியத்தான் செய்யும், சற்றுத் தாமதமாக.

வாங்கப் போகும்போது நாம் பார்ப்பதெல்லாம் ஸ்பீக்கரின் அளவு, சுற்றொலியைக் குறிக்கப் பெட்டியில் அச்சிட்ட 7.1 என்ற எண், பக்கவாட்டில் மினுங்கும் வண்ண விளக்கு. குஷனைத் தொட்டுப் பார்ப்பவர் குறைவு. காது நோகாமல் இருப்பதும், சத்தம் தெளிவாகக் கேட்பதும், சாமான் நீடித்து உழைப்பதும் பெரும்பாலும் அந்தக் குஷனிலேயே தங்கியிருக்கின்றன என்பதே நான் கண்டது. எல்ல, பண்டாரவளை, பதுளைப் பக்கம் வாழ்பவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ரெக்சின் என்று நாம் சொல்வது துணியின் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாகப் பூசிய பொருள். இந்தப் பிளாஸ்டிக்கின் மலிவான வகைகளில் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியை எஸ்டர் பிணைப்புகள் கோத்து வைத்திருக்கும். காற்றிலுள்ள நீராவி உள்ளே ஊறி, அந்தப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டும். பாடசாலை இரசாயனத்தில் நீர்ப்பகுப்பு என்று படித்தது இதுதான். வெட்டுப்பட்ட இடத்தில் அமிலம் உண்டாகும். அந்த அமிலம் அடுத்த பிணைப்பு அறுபடுவதை வேகப்படுத்தும். அதனால்தான் பல மாதம் எந்த மாற்றமும் தெரியாமல் இருந்துவிட்டு, பிறகு ஒரேயடியாக உரிகிறது. அலுமாரியில் பத்திரப்படுத்திய சப்பாத்தின் அடிப்பகுதி எடுத்துப் போட்ட அன்றே பொடிந்து கொட்டுவதற்கும் இதே இரசாயனம்தான் காரணம். வியர்வையும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் சேரும்போது குஷனின் ஆயுள் இன்னும் குறையும்.

எல்ல ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை மலைக்கு அப்பாலிருந்து இறங்கும் வறண்ட கச்சான் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன வாசத்தைக் கொடுக்கிறது. அந்த மாதங்களில் ஹெட்செட்டுக்கும் கவலையில்லை. ஒக்டோபரில் மழை பிடித்தால், வடகீழ்ப் பருவமழையோடு சேர்ந்து ஜனவரி வரை நீளும். பனிமூட்டம் காம்பராவுக்குள்ளேயே வந்துவிடும். கொடியில் போட்ட துணி நாள்கணக்கில் காயாது. துணி காயாத வீட்டில் குஷன் மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்?

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இதற்கான வழி தெரியும். உலர்த்தியிலிருந்து வரும் தேயிலையில் 3 சதவீதம் அளவு ஈரமே இருக்கும். திறந்து வைத்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கெட்டுப்போகும் என்பதால்தான் உள்ளுறை போட்ட பைகளில் உடனே அடைக்கிறார்கள். ஹெட்செட்டையும் அப்படிப் பார்த்துக்கொள்ளலாம். விளையாடி முடித்ததும் குஷனை உலர்ந்த துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, இறுக மூடும் டப்பாவில் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்க வேண்டும். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் அந்தச் சின்னப் பைகளை எறியாமல் சேர்த்து வைத்தாலே போதும். மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவரில் ஆணியடித்து ஹெட்செட்டை மாட்டி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

இனி ஒலிக்கு வருவோம். ஸ்பீக்கரின் உள்ளே ஒரு காந்தம், செப்புக் கம்பிச் சுருள், மெல்லிய படலம் ஆகிய மூன்றும்தான் முக்கியம். மின்சாரம் பாயும்போது சுருள் அசைந்து படலத்தைத் தள்ளும். படலம் காற்றைத் தள்ளும். ஜேர்மனியின் பயர்டைனமிக் நிறுவனம் 1937இல் கொண்டுவந்த டிடி 48 ஹெட்போனும் இதே முறையில்தான் இயங்கியது. இவ்வளவு பழகிய நுட்பம் என்பதால் இன்று நடுத்தர விலை ஹெட்செட்டிலும் ஓரளவு நல்ல ஸ்பீக்கரே கிடைக்கிறது. வித்தியாசம் அதற்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் சின்ன அறையில் உண்டாகிறது. அந்த அறையின் சுவர்தான் குஷன்.

கனத்த சத்தங்களுக்கு, அதாவது தாழ்ந்த அதிர்வெண்களுக்கு, அந்த அறை காற்றுப் போகாமல் அடைபட்டிருக்க வேண்டும். ஓர் இடத்தில் இடைவெளி விழுந்தாலும் காற்றழுத்தம் அந்த வழியாக வெளியேறிவிடும், பேஸ் கரைந்துபோகும். பாட்டுக் கேட்டுக்கொண்டே இரு பக்கக் கிண்ணங்களையும் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். பேஸ் சட்டென்று கூடினால் குஷன் காதைச் சுற்றிச் சரியாக அடைக்கவில்லை என்று அறியலாம். மூக்குக்கண்ணாடியின் கால், தோட்டின் திருகு, உரிந்த ரெக்சின், அமுங்கித் தட்டையான ஸ்பொஞ்ச் எல்லாமே இடைவெளி உண்டாக்கும். ஸ்பொஞ்ச் அமுங்கினால் இன்னொன்றும் நடக்கும்: காது ஸ்பீக்கருக்கு நெருக்கமாகப் போய், கீச்சொலிகளின் அளவு மாறிவிடும். புதிதாக வாங்கியபோது கேட்ட சத்தம் இப்போது இல்லையே என்று சொல்பவர்கள் ஸ்பீக்கரைச் சந்தேகிக்கும் முன் குஷனைப் பார்ப்பது நல்லது.

பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்ற சுடும் விளையாட்டுகளை ஆடுபவர்களுக்குத் தேவை எதிராளியின் காலடி எந்தப் பக்கம் கேட்கிறது என்பதுதான். பக்கவாட்டிலிருந்து வரும் சத்தம் ஒரு காதைத் தொட்டு, ஏறத்தாழ 0.6 மில்லிசெக்கன் கழித்து மறு காதைத் தொடும். தலை மறைப்பதால் அங்கே சற்று மெலிந்தும் இருக்கும். இந்தச் சிறு வித்தியாசத்தைக் கொண்டே மூளை திசையைச் சொல்லிவிடுகிறது. இதற்கு இரண்டு ஸ்பீக்கர் போதும். 7.1 என்று விற்கப்படும் ஹெட்செட்களில் பெரும்பாலானவற்றில் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கிறது. மிச்சத்தை மென்பொருள் கணக்குப் போட்டு உண்டாக்குகிறது. அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பேஸை ஏற்றி வைத்த ஹெட்செட்டும் இந்த விளையாட்டுக்கு உதவாது. கனத்த வெடிச் சத்தம் தன்னைவிடக் கூர்மையான சின்னச் சத்தங்களைக் காதுக்குள்ளேயே மூழ்கடித்துவிடும்.

சௌகரியம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அதைக் கடையிலேயே போட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 300 கிராம் அளவுள்ள ஹெட்செட்டைப் பத்து நிமிடம் போட்டால் எடை தெரியாது. இரண்டு மணித்தியாலம் போனால் உச்சந்தலை வலிக்கும். காது மடல் முழுவதும் குஷனின் குழிக்குள் அடங்குகிறதா, மடல் உள்ளே எதிலும் உரசுகிறதா என்று பாருங்கள். ரெக்சின் நன்றாக அடைக்கும், ஆனால் வியர்க்கும். வெல்வெட் போன்ற துணி வியர்க்காது, உரியவும் உரியாது. ஆனால் காற்றைக் கொஞ்சம் கசியவிடுவதால் பேஸ் குறையும், வெளிச் சத்தமும் உள்ளே வரும். 2015இல் வந்த ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2, 2019இல் வந்த லொஜிடெக் ஜி புரோ எக்ஸ் ஆகியவற்றின் பெட்டிகளில் இரண்டு வகைக் குஷன்களையும் போட்டே கொடுத்தார்கள். மலையின் மழைக் குளிரில் ரெக்சினும், வெயில் மாதங்களில் துணியும் என்று மாற்றிப் போட இது வசதி.

தகரக் கூரை போட்ட லயத்தில் அடைமழை பெய்யும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அப்போது பிள்ளைகள் சத்தத்தைக் கூட்டுவார்கள். இதைத்தான் நான் மிகவும் கவலையோடு சொல்ல விரும்புகிறேன். 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிறுவர்களுக்கு அந்த அளவு 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். உட்காதில் அழிந்த மயிர்க்கலங்கள் திரும்ப முளைப்பதில்லை. நன்றாக அடைக்கும் குஷன் மழையின் இரைச்சலைக் கணிசமாகத் தடுக்கும் என்பதால் சத்தத்தைக் கூட்ட வேண்டிய தேவையே குறைகிறது. அடுத்த காம்பராவில் தூங்குபவருக்கும் தொல்லை இல்லை.

மைக்கையும் மழை நேரத்தில் வாயோரத்துக்குக் கொண்டுவந்தால் போதும். தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் 6 டெசிபெல் கூடும். கூரைச் சத்தம் அப்படியே இருக்கும். மூச்சு நேராகப் படாமல் சற்று ஒதுக்கி வையுங்கள். வயர் பெரும்பாலும் ஜக் பின்னை ஒட்டிய இடத்தில்தான் உள்ளே அறுகிறது. கழற்றி மாட்டக்கூடிய வயர் என்றால் அதை மட்டும் வாங்கிப் போடலாம். புளூடூத்தில் சத்தம் 100 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தி வரும் செட்கள் நிறைய உண்டு. சுடும் விளையாட்டுக்கு வயரோ, 2.4 கிகாஹெர்ட்ஸ் டொங்கிளோ நல்லது.

கடையில் கடைசியாக ஒன்றைக் கேளுங்கள்: குஷனைக் கழற்ற முடியுமா? ஒட்டி விட்டிருந்தால் வாங்க வேண்டாம். கழற்றலாம் என்றால் அதன் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் புதிதாக இருக்கும்போதே அளந்து எழுதி வையுங்கள். அமுங்கிய பிறகு அளந்தால் தடிப்பு தவறாகிவிடும். மாற்றுக் குஷன் அதே தடிப்பில் இல்லாவிட்டால் சத்தமும் மாறும். தடித்த குஷனில் ஸ்பீக்கர் காதிலிருந்து விலகும். மெல்லியதில் காது உள்ளே முட்டும். புதுக் குஷனின் ஸ்பொஞ்ச் விறைப்பாக இருக்கும். அது சில நாள் போட்டுத் தலையின் வடிவத்துக்குப் படிந்த பிறகுதான் பேஸ் முழுதாகத் திரும்பும்.