நடு அகவையினரின் திறன்சார் குடிவரவு

நடு அகவையினரின் திறன்சார் குடிவரவு என்பது, நாற்பது அகவையை எட்டிய அல்லது கடந்த தொழில்வல்லுநர்களும் தொழில்முனைவோரும் தமது கல்வி, பணிப் பட்டறிவு, முதலீடு ஆகியவற்றின் அடிப்படையில் வேறொரு நாட்டில் தங்கிப் பணியாற்றும் உரிமையைப் பெறுவதைக் குறிக்கும். உறவினர் அழைப்பின் பேரிலும் ஏதிலியாகவும் குடியேறுவது இதில் அடங்காது. பல நாடுகள் அகவையையும் ஓர் அளவுகோலாகக் கொள்வதால், இருபது ஆண்டுப் பட்டறிவு உடைய ஒருவர் ஐந்து ஆண்டுப் பட்டறிவு உடையவரை விடக் குறைந்த மதிப்பீட்டைப் பெறுவது உண்டு.

ஓசூர்ப் பகுதியின் பின்னணி

தமிழ்நாட்டின் கிருட்டிணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஓசூர், 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின் தொழில் நகராக வளர்ந்தது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் ஆகியவற்றின் ஆலைகள் 1980களில் இங்கு இயங்கத் தொடங்கின. தென்பெண்ணையாற்றின் குறுக்கே அணை அமைந்துள்ள கெலவரப்பள்ளி, மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி போன்ற ஊர்கள் இந்நகரைச் சூழ்ந்துள்ளன. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகள் இப்பகுதியில் மிகுதி. பட்டயம் அல்லது ஐ.டி.ஐ. படிப்புடன் ஆலையில் சேர்ந்து, பின்னர் சொந்தப் பட்டறை தொடங்கியோரும் இவற்றை நடத்துகின்றனர். வெளிநாடு செல்வதைப் பற்றி இத்தகையோர் எண்ணத் தொடங்கும் போது பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியிருப்பர். அச்சிடப்பட்ட விதிகள் இவர்களை மனதில் கொண்டு எழுதப்பட்டவை அல்ல.

புள்ளி முறையும் அகவையும்

கனடா 1967 இல் புள்ளி முறையை அறிமுகப்படுத்தியது. அதில் 35 அகவை வரை 10 புள்ளிகள். அதற்கு மேல் ஆண்டுக்கு ஒன்று வீதம் குறையும். குடிவரவாளர் ஓய்வு பெறும் முன் எத்தனை ஆண்டுகள் வரி செலுத்துவார் என்பதே இதன் உட்கருத்து. இந்த ஏரணம் இன்றும் மாறவில்லை. 2015 சனவரியில் தொடங்கிய விரைவு நுழைவு முறையில், துணைவர் இன்றி விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 அகவை வரை 110 புள்ளிகள் கிடைக்கும். 40 இல் அது 50 ஆகவும், 44 இல் 6 ஆகவும் சுருங்கி, 45 இல் சுழியம் ஆகிறது. ஆயினும் விண்ணப்பிக்க மேல் எல்லை ஏதும் இல்லை. மாகாணம் ஒன்றின் பரிந்துரை 600 புள்ளிகளைத் தருவதால் அகவையால் இழந்தது அனைத்தும் ஈடாகிவிடும். நடு அகவையினர் முதலில் ஆராய வேண்டியது இவ்வழியே எனலாம். வேலை உறுதிக் கடிதத்திற்கு முன்பு அளிக்கப்பட்ட கூடுதல் புள்ளிகள் 2025 மார்ச்சில் நீக்கப்பட்டன. அக்கடிதத்தை விலைக்கு விற்ற முகவர்களின் வணிகமே அதற்குக் காரணமாயிற்று.

ஆஸ்திரேலியா இன்னும் கண்டிப்பானது. அங்கு புள்ளி அடிப்படையிலான நுழைவிசைவுக்கு அழைப்பு வரும் நாளில் விண்ணப்பதாரர் 45 அகவையை எட்டியிருக்கக் கூடாது. 2011 முதல் 50 ஆக இருந்த இவ்வெல்லை 2017 சூலையில் 45 ஆகக் குறைக்கப்பட்டது. ஆங்கிலத் தேர்வுக்கும் திறன் மதிப்பீட்டிற்கும் மாதக்கணக்கில் ஆகும் என்பதால், 44 இல் தொடங்குபவர் தமது பிறந்தநாளுடன் போட்டியிட வேண்டியிருக்கும். நியூசிலாந்தின் திறன்சார் குடிவரவில் 55 அகவை வரை விண்ணப்பிக்கலாம்.

செருமனி வேறு விதமாகச் சிந்திக்கிறது. 45 அகவையைக் கடந்து முதன்முறையாகத் திறன்பெற்ற பணியாளராக வருபவர், போதிய முதுமைக்கால ஓய்வூதியம் இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும் அல்லது குறிப்பிட்ட ஊதியம் பெற வேண்டும். 2025 இல் அவ்வூதியம் ஆண்டுக்கு 53,130 யூரோ. 2024 மார்ச்சு முதல், தாய்நாட்டு அரசு ஏற்ற ஈராண்டுத் தொழிற்பயிற்சியும் அண்மைய ஐந்தாண்டுகளில் ஈராண்டுப் பணிப் பட்டறிவும் உடையவர், செருமானிய ஏற்புச் சான்றிதழ் இன்றியே பல தொழில்களில் சேரலாம். ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்த பொருத்துநருக்கும் கடைசலருக்கும் இது பொருளுள்ள மாற்றம்; ஊதிய வரம்பே தடையாக நிற்கும்.

ஐக்கிய அமெரிக்காவின் எச்-1பி நுழைவிசைவில் அகவை கணக்கில் கொள்ளப்படுவதில்லை. ஆனால் நிரந்தர வதிவிட உரிமையில் ஒரு நாட்டவருக்கு 7 விழுக்காடு என்னும் உச்சவரம்பு இருப்பதால், இந்தியர் பலர் பத்தாண்டுகளுக்கும் மேல் காத்திருக்கின்றனர். ஐம்பதில் வரிசையில் நிற்பவருக்கு அது ஓய்வு அகவை வரை நீளக்கூடும்.

தொழில்முனைவோர்

முதலீட்டாளர் திட்டங்களில் அகவைக்கு முதன்மை குறைவு. ஆனால் அவை அறிவிப்பின்றி மூடப்படும் இயல்புடையவை. 1986 இல் தொடங்கிய கனடாவின் கூட்டரசு முதலீட்டாளர் திட்டம் 2014 இல் முடிவுக்கு வந்தது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோரின் விண்ணப்பங்களும் சேர்ந்தே நீக்கப்பட்டன. பிரித்தானியா 2022 பெப்ரவரியிலும், ஆஸ்திரேலியா 2024 சூலையிலும் இவ்வகைத் திட்டங்களை நிறுத்தின.

அமெரிக்காவின் ஈபி-5 திட்டத்தில், 2022 சட்டத்தின்படி, குறைந்த முதலீடு 8 இலட்சம் டாலர். இந்திய ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 இலட்சம் டாலரே அனுப்பலாம் என்பதால், தம் பெயரில் மட்டும் அனுப்புபவர் நான்கு நிதியாண்டுகளைத் தொட வேண்டும். குறைந்த முதலீட்டில் கிடைக்கும் ஈ-2 நுழைவிசைவு, உரிய உடன்படிக்கை இல்லாமையால் இந்தியக் குடிமக்களுக்கு இல்லை. பட்டறை உரிமையாளர் அங்குக் கிளை தொடங்கி, மேலாளர் என்ற நிலையில் எல்-1ஏ வழியாகச் செல்வது சாத்தியமானது. புதிய கிளைக்கு முதலில் ஓராண்டே தரப்படும். இங்குள்ள பட்டறையும் அக்காலத்தில் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

சொந்தத் தொழில் செய்தவருக்குப் பணிப் பட்டறிவை மெய்ப்பிப்பதே கடினமான பகுதி. ஆலை ஊழியருக்கு நிறுவனம் கடிதம் தரும். உரிமையாளர் தமக்குத் தாமே தரும் கடிதம் செல்லாது. வருமான வரி, சரக்கு மற்றும் சேவை வரிப் படிவங்கள், வாடிக்கையாளர் நிறுவனங்களின் கடிதங்கள் ஆகியவை தேவைப்படும். கணக்கில் வராத ரொக்கத்தில் நடந்த தொழில் இவ்விடத்தில் இல்லாத தொழிலாகிவிடுகிறது.

பிள்ளைகளும் ஓய்வூதியமும்

பெற்றோரின் அகவையுடன் பிள்ளைகளின் அகவையும் உயர்கிறது. கனடாவில் சார்ந்திருக்கும் பிள்ளை 22 அகவைக்கும், அமெரிக்காவில் 21 அகவைக்கும் குறைந்தவராக இருக்க வேண்டும். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகனோ மகளோ விண்ணப்பத்திலிருந்து விடுபட நேர்ந்தால், குடும்பத்தின் திட்டமே பொருளிழந்து போவதுண்டு.

கனடா, செருமனி, ஆஸ்திரேலியா ஆகியவற்றுடன் இந்தியா செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கைகள் 2015 முதல் 2017 வரையிலான காலத்தில் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி, ஓய்வூதியத் தகுதிக்குத் தேவையான ஆண்டுகளைக் கணக்கிடுகையில் இரு நாட்டுக் காலத்தையும் சேர்த்துக் கொள்ள வழியுண்டு. ஓசூரில் வருங்கால வைப்பு நிதி செலுத்திய ஆண்டுகளின் பதிவுகளைப் புறப்படும் முன்பே சரிபார்த்து வைப்பது இதனால் இன்றியமையாதது. பழைய ஆலை மூடப்பட்ட பின் அப்பதிவைத் திருத்துவது எளிதன்று.