கழுத்தில் ஒரு குழாய்

வெள்ளவத்தையிலிருந்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்வோர், வாயில் சத்திரசிகிச்சை பெற்ற உறவினரின் கழுத்திலே குழாயைக் கண்டு திடுக்கிடுவதுண்டு. இனிப் பேச்சே இல்லையோ என்பது அவர்தம் அச்சம்.

நாவை அறுத்துத் தைத்தபின் அது வீங்கும்; குருதியும் கசியும்; மூச்சுவழி அடைபடலாம். ஆகவே சிலருக்குக் குரல்நாண்களுக்குக் கீழே துவாரமிட்டுக் காற்றுக்கு வேறு வழி திறக்கின்றனர். காற்று குரல்நாண்களைத் தீண்டாமையாலேயே குரல் எழுவதில்லை. அதுவரை தாளும் பென்சிலும் கொடுங்கள். வீக்கம் தணிந்து குழாய் அகற்றப்பட்டதும் துவாரம் பெரும்பாலும் தானே மூடும், குரல் திரும்பும். சொற்றெளிவோ எஞ்சிய நாவைப் பொறுத்தது.

வெற்றிலை பாக்கினால் வாய் இறுகியோருக்கு மயக்கம் கொடுப்பதே பெருஞ்சங்கடம். நோயாளி விழித்திருக்க, மூக்கை மரக்கச் செய்து, நுண்ணிய ஒளிக்குழாய் வழிகாட்டச் சுவாசக் குழாயைச் செலுத்துவர். 1878இல் கிளாஸ்கோ நகரில் வைத்தியர் மக்கீவன், வாய்ப் புற்றுநோயாளி ஒருவருக்கு விரலால் தடவியே குழாயைச் செலுத்தி, பின்னரே குளோரோபோம் கொடுத்தார்.