ஜிப்சிக்கு ஏங்கும் காடு, தாருக்கு அலையும் நகரம்

பொழுது புலருமுன்பே ராம்நகர் விழித்துக்கொள்கிறது. உத்தரகண்டில் கோசி நதிக்கரையில் இருக்கும் இந்தச் சிறு நகரம்தான் கார்பெட் தேசியப் பூங்காவுக்கு வாசல். புலி பார்க்க வந்தவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏறுவது பெரும்பாலும் கூரை கழற்றிய மாருதி ஜிப்சியில். பின்னால் ஆறு பயணிகள், முன்னால் டிரைவரும் வழிகாட்டியும். சேறு, ஓடைக் கல், செங்குத்து மேடு எதற்கும் அது அசருவதில்லை. சிக்கல் ஒன்றுதான்: புது ஜிப்சி வேண்டுமென்றால் கிடைக்காது. பொதுமக்களுக்கு அதை விற்பது 2019லேயே நின்றுவிட்டது.

1985 டிசம்பரில் அறிமுகமான ஜிப்சியில் சொகுசு என்று சொல்ல எதுவுமில்லை. நான்கு சக்கரங்களுக்கும் பழைய பட்டை வில்கள். பின்னால் எதிரெதிராக இரு பெஞ்சுகள். முன் சக்கரங்களையும் இழுவைக்குக் கொண்டுவர டிரைவர் கீழே இறங்கி, சக்கரத்தின் நடுவிலுள்ள குமிழைத் திருப்ப வேண்டும். ஆனால் எடை ஒரு டன்னை ஒட்டித்தான். கனமான வண்டிகள் புதைந்துபோகும் இடத்தில் இது தாவிப் போய்விடும். இடுப்பொடிக்கும் பயணம் என்பது வேறு விஷயம்.

மோதல் சோதனை, ஏபிஎஸ், புகைக் கட்டுப்பாடு என்று விதிகள் இறுகியபோது ஜிப்சியால் தேற முடியவில்லை. விதிகளில் தவறில்லை, ஏர்பேக் இல்லாத வண்டியை எத்தனை காலம் அனுமதிப்பது? ஆனால் ராணுவத்துக்கே அதை விட மனம் வரவில்லை. ஜிப்சிக்கு மாற்றாக 2017ல் 3,192 டாடா சஃபாரி ஸ்டோர்ம் வாகனங்களுக்கு ஆர்டர் கொடுத்த அதே ராணுவம், 2019ல் சிறப்பு விதிவிலக்கு வாங்கி 3,051 ஜிப்சிகளைக் கேட்டது.

இதையெல்லாம் பார்த்து, கரடுமுரடான வண்டிகளுக்கு இங்கே காலம் முடிந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். 2024 அக்டோபர் 3ம் தேதி மஹிந்திரா தனது ஐந்து கதவு தார் ராக்ஸுக்கு முன்பதிவைத் தொடங்கியபோது முதல் ஒரு மணி நேரத்தில் பதிவானவை 1,76,218. 1947 முதல் வில்லிஸ் ஜீப்பைக் கோத்து விற்ற கம்பெனி அது. ஜீப்பின் முகத்தை எப்படிக் காசாக்குவது என்று அதற்குத் தெரியும்.

முகத்தைத்தான். ராக்ஸில் பெட்ரோல் வண்டி எதற்கும் ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. அது வேண்டுமானால் டீசலுக்குப் போக வேண்டும். 2023 ஜனவரியில் மூன்று கதவு தாரிலும் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள மாடல் 9.99 லட்சம் ரூபாய்க்கு வந்தது. மேடு ஏறும் வண்டியின் கம்பீரம் வேண்டும், மேடு ஏற வேண்டியதில்லை என்பவர்களுக்கு இது வசதி. நகரச் சாலையில் வேகத்தடையைத் தாண்டினால் போதும் அவர்களுக்கு.

இதற்கு நேர் எதிரான கதை ஜிம்னியுடையது. ஜிப்சியின் வாரிசான இந்த ஐந்து கதவு வண்டி 2023 ஜூனில் 12.74 லட்சத்தில் வந்தது. எல்லா மாடலிலும் ஃபோர் வீல் டிரைவ் உண்டு. இருந்தும் வாங்க ஆளில்லாமல் ஆறே மாதத்தில் ஆரம்ப விலையை இரண்டு லட்சம் குறைக்க நேர்ந்தது. அதே வண்டி 2025 ஜனவரி இறுதியில் ஜப்பானில் அறிவிக்கப்பட்டபோது நான்கு நாட்களில் 50,000 ஆர்டர் குவிந்து, சுஸுகி பதிவையே நிறுத்திவைத்தது. ஜப்பானியர்கள் அடித்துப்பிடித்துக் கேட்ட வண்டி தயாராவது ஹரியானாவின் குருகிராமில்!

ராம்நகர் டிரைவருக்கு இரண்டுமே உதவாது. ஜிம்னியில் மொத்தமே நான்கு பேர்தான் உட்காரலாம், கூரை இரும்பு. மூன்று கதவு தாருக்குத் துணிக் கூரை முன்பு இருந்தது என்றாலும் அதிலும் நான்கு இருக்கைகள்தான். ஆறு பயணிகள் பங்கிட்டுக்கொள்ளும் வாடகையை இரண்டு மூன்று பேரிடம் கேட்டால் யார் தருவார்கள்? ஆகவே பழைய ஜிப்சிக்கே மறுபடி வெல்டிங், மறுபடி பெயின்ட். ராணுவம் கழித்து ஏலம் விடும் ஜிப்சிகளுக்கும் போட்டி இருக்கிறது.