அணு உலை படிக்க எந்தப் புத்தகம்?

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஸ்டூடியோவிலிருந்து வெளியே வந்தேன். தம்பியிடமிருந்து குரல் பதிவு வந்திருந்தது. "அக்கா, இந்தப் படிப்பு எனக்குச் சரிப்பட்டு வராது போல."

அவன் இயந்திரப் பொறியியல் படித்து, ஐந்து வருடமாக வேலை செய்பவன். பாங்கியில் 1982 முதல் இயங்கும் ஆய்வு அணு உலையைப் பற்றிச் சிறுவயதில் கேட்டதிலிருந்தே அந்தத் துறை மேல் ஆசை. முதுகலைக்கு விண்ணப்பிக்கும் முன் தானே படித்துப் பார்க்கலாம் என்று, பலரும் 'சிறந்தது' எனச் சொன்ன புத்தகத்தை வாங்கினான். டூடர்ஸ்டாட், ஹாமில்டன் இருவரும் எழுதி 1976-இல் வந்த 'நியூக்ளியர் ரியாக்டர் அனாலிசிஸ்' அது. நல்ல நூல்தான். ஆனால் நியூட்ரான்களின் போக்கைக் கணிதத்தால் துரத்திப் பிடிக்கும் நூல். மூன்றே வாரத்தில் தம்பிக்குத் தன் மூளை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

முன்பு என் நிகழ்ச்சிக்கு வந்திருந்த ஒரு பேராசிரியரைத் தொலைபேசியில் கேட்டேன். அவர் புத்தகத்தின் பெயரைச் சொல்லவில்லை. "உங்கள் தம்பிக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?" என்று திருப்பிக் கேட்டார்.

அணு உலையில் இரண்டு பெரிய கேள்விகள் உண்டு என்றார். தொடர்வினையை எப்படிக் கட்டுக்குள் வைப்பது? பிறக்கும் வெப்பத்தை எப்படி வெளியே கொண்டுபோவது? உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளில் வெப்பம் பிறந்துகொண்டே இருக்கும். 2011-இல் ஃபுகுஷிமாவில் அந்த வெப்பத்தைத் தணிக்க முடியாமல் போனதுதான் விபத்தானது. நீரோட்டமும் வெப்பமும் இயந்திரப் பொறியாளருக்குப் பழகிய பாடம். டோட்ரியாஸ், காஸிமி எழுதிய 'நியூக்ளியர் சிஸ்டம்ஸ்' அதைத்தான் விரிவாகப் பேசுகிறது.

அதற்கும் முன்னால் லமார்ஷின் 'இன்ட்ரோடக்‌ஷன் டு நியூக்ளியர் எஞ்சினியரிங்' படிக்கச் சொன்னார். அணு இயற்பியல், நியூட்ரான், வெப்பம், கதிர்வீச்சுப் பாதுகாப்பு என எல்லாவற்றையும் ஒரே நூலில் அறிமுகம் செய்கிறது.

பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா? நியூட்ரான் கணக்கு பழசாவதில்லை. பாதுகாப்பு அத்தியாயம் பழசாகும். 2001-இல் வந்த லமார்ஷ் மூன்றாம் பதிப்பில் ஃபுகுஷிமா எப்படி இருக்கும்? அதைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று சொன்னார். வாங்குவதற்கு முன் நூலகத்தில் எடுத்துப் பத்துப் பக்கம் படியுங்கள். அத்தியாய முடிவிலுள்ள இரண்டு கணக்கைப் போட்டுப் பாருங்கள். தடுமாறினால் பரவாயில்லை. கேள்வியே புரியவில்லையென்றால், அது இரண்டாவதாகப் படிக்க வேண்டிய புத்தகம்.

நம் வீடுகளில் பிள்ளை ஒரு புத்தகத்தோடு முட்டி நின்றால், "உனக்கு இது வராது" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். வராதது படிப்பா, அந்தப் புத்தகமா என்று கேட்பதில்லை. நானும் அன்று, "வேற ஏதாவது படிடா" என்று சொல்ல வாயெடுத்தவள்தான்.

போன வாரம் மறுபடியும் ஒரு குரல் பதிவு. "அக்கா, லமார்ஷ்ல வெப்ப அத்தியாயத்துல ரெண்டு கணக்கு வந்துடுச்சு!"

டூடர்ஸ்டாட் இன்னும் அவன் அலமாரியில்தான் இருக்கிறது. விற்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.