தென் லாஸ் ஏஞ்சல்ஸில் வீதியும் விரைவுணவகமும்

2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமன்றம் விந்தையானதொரு தடையை இயற்றியது. நகரின் தென்பகுதியில், ஏறத்தாழ 32 சதுர மைல் பரப்பில், தனிக்கட்டடத்தில் இயங்கும் விரைவுணவகங்கள் புதிதாகத் தோன்றலாகாது என்பதே அது. மன்ற உறுப்பினர் ஜேன் பெர்ரி முன்னின்று கொண்டுவந்த இத்தடை, முதலில் ஓராண்டுக்கென விதிக்கப்பட்டது; பின்னர் நீட்டிக்கப்பெற்று, 2010இல் நிலையான விதியாயிற்று. மக்களின் உடற்பருமனைக் குறைத்தலும் காய்கனி விற்கும் கடைகளுக்கு இடம் கிடைக்கச் செய்தலும் அதன் நோக்கங்கள். நோக்கத்தில் நாம் குறை காணவில்லை. ஆயின் அத்தடை எதனை அளந்தது என்பது ஆராய்தற்குரியது.

ஃபிகரோவா, வெர்மாண்ட், வெஸ்டர்ன் ஆகிய நெடுஞ்சாலைகள் வடக்கு தெற்காக ஓட, ஸ்லாசன், ஃப்ளோரன்ஸ், மான்செஸ்டர் ஆகியவை அவற்றைக் குறுக்கே வெட்டுகின்றன. கட்டங்களுக்குள் சிறு வீடுகள்; சாலையோரங்களில் கடைகள். மகிழுந்தை நம்பி வளர்ந்த இவ்வமைப்புக்கு விரைவுணவகம் அந்நியமானதன்று. மெக்டொனால்டு சகோதரர்கள் சான் பெர்னார்டினோவில் தம் உணவகத்தை விரைவுப் பணிமுறைக்கு மாற்றியதும், வண்டியிலிருந்து இறங்காமலே உணவு பெறும் முறையோடு இன்-என்-அவுட் பால்ட்வின் பார்க்கில் தொடங்கியதும் 1948இல். வெஸ்டர்ன் சாலையோரம் லவி யான்சி என்னும் கறுப்பினப் பெண்மணி நடத்திய சிறு கடையே பின்னர் ஃபேட்பர்கர் எனும் தொடர் நிறுவனமாயிற்று. ஆகவே, இவ்வுணவகங்களை வெளியிலிருந்து வந்தேறியவை என்று மட்டும் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

அதே 1948இல்தான், கறுப்பினத்தாருக்கு வீடு விற்பதைத் தடுத்த பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் செயற்படுத்தலாகாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை அம்மக்களுட் பெரும்பாலோர் சென்ட்ரல் அவென்யூவைச் சூழ்ந்த வட்டாரங்களிலேயே நெருங்கி வாழ நேர்ந்தது. தீர்ப்புக்குப் பின்னரும் முதலீடு அவ்வட்டாரங்களைத் தேடி எளிதில் வரவில்லை. 1992ஆம் ஆண்டுக் கலவரத்தில் எரிந்துபோன வெர்மாண்ட்–மான்செஸ்டர் சந்திப்பு நிலம், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெற்றிடமாகவே கிடந்தது. 2003இல் நகரமன்றம் ‘தென்மத்திய’ என்னும் பெயரைத் ‘தென் லாஸ் ஏஞ்சல்ஸ்’ என மாற்றியது. பெயர் மாற்றம் எளிது. நிலத்தை மாற்றுதல் எளிதன்று.

வகுப்பறையில் இத்தடையை எடுத்துக்காட்டும் ஆசிரியர்கள், ‘ஏழை வட்டாரத்தில் விரைவுணவகங்கள் மலிந்திருந்தன’ என்று தொடங்குவது இயல்பு. ராண்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறாக அமைந்தது. மக்கள்தொகையோடு ஒப்பிடுகையில், தொடர் விரைவுணவகங்கள் நகரின் பிற பகுதிகளைவிட அங்குக் குறைவாகவே இருந்தன. மிகுந்திருந்தவை நொறுக்குத்தீனியும் இனிப்புப் பானமும் விற்கும் சிறு மளிகைக் கடைகள். அவற்றைத் தடை தொடவேயில்லை. 2015இல் வெளிவந்த தொடராய்வு, தடைக்குப் பின்னரும் அப்பகுதியில் உடற்பருமன் கூடியதையே காட்டியது.

தடை அளந்தது உணவை அன்று, கட்டடத்தை. நாற்சந்தியில் தனித்து நிற்கும் புதிய பர்கர் கடைக்கு அனுமதியில்லை. அதே பர்கரை விற்கும் கடை, பக்கத்து வணிக வளாகத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தால் தடையில்லை.