நகத்தில் இருந்தது அவருடைய டி.என்.ஏ.தான்

2012 நவம்பர் கடைசியில் ஓர் இரவு. கலிபோர்னியாவின் சான் ஹோசே அருகே மாண்டே செரினோவில் ஒரு மாளிகைக்குள் கொள்ளையர்கள் புகுந்தார்கள். வாயில் டேப் ஒட்டிக் கட்டிப்போட்டதில் வீட்டுக்காரர் மூச்சுத் திணறி இறந்தார். அவருடைய விரல் நகங்களில் வேறொருவரின் டி.என்.ஏ. கிடைத்தது. போலீஸ் கணினியில் தேடியபோது அது ஓர் இளைஞருடையது என்று தெரிந்தது. 26 வயது, வீடில்லாதவர், சான் ஹோசே தெருக்களில் காலம் தள்ளியவர். மரண தண்டனை வரை போகக்கூடிய கொலை வழக்கு அவர்மேல் விழுந்தது.

அன்றிரவு எங்கே இருந்தாய் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. கடும் குடிப்பழக்கம், முன்பு நடந்த விபத்தில் மூளையிலும் அடிபட்டிருந்தது. ஒருவேளை நான்தான் செய்துவிட்டேனோ என்று தன் வழக்கறிஞரிடமே சொன்னாராம். இந்த வழக்கில் என்னை மிகவும் உலுக்குவது அந்த இடம்தான்.

குடிக்காதவர்கள் நிலையும் அவ்வளவு பத்திரமில்லை. சாதாரணமாகக் கழிந்த ஓர் இரவை நினைவு தனியாக எடுத்துவைப்பதில்லை. சில வாரம் கழித்துக் கேட்டால், வழக்கமாகச் செய்வதை அன்றும் செய்ததாக மனம் இட்டு நிரப்பிவிடும். நாள் மாறிச் சொன்னால் போதும், நிரபராதி பொய்யனாகிவிடுவார்.

குற்றம் நடந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்ததாகச் சொல்லும் வாதத்துக்கு 'அலிபி' என்று பெயர். லத்தீனில் அதன் பொருளே 'வேறிடத்தில்' என்பதுதான். 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் இதற்கு ஓர் உதாரணம் தந்தது: குற்றம் கல்கத்தாவில், ஆள் அன்று லாகூரில். இந்த இளைஞரின் லாகூர் எது?

அதைக் கண்டுபிடித்தவர் அவருக்காக வாதாட அரசு அமர்த்திய வழக்கறிஞர். மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டியபோது, கொலை நடந்த இரவு முழுக்க அவர் போதையில் நினைவிழந்து மருத்துவமனையில் படுத்திருந்தது தெரிந்தது. அப்படியானால் டி.என்.ஏ. பொய்யா? பொய்யில்லை. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்ற அதே மருத்துவ உதவியாளர்கள்தான் சில மணி நேரம் கழித்து மாளிகைக்கும் போயிருக்கிறார்கள். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கிளிப்போ அவர்களின் உடையோ அவருடைய தோல் செல்களைச் சுமந்து போயிருக்க வேண்டும். ஐந்து மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்த பிறகே அவர் வெளியே வந்தார்.

தொட்ட பொருளில் டி.என்.ஏ. ஒட்டும், அது அங்கிருந்து இன்னொருவர் கைக்கும் தாவும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-லேயே 'நேச்சர்' இதழில் காட்டியிருந்தார்கள். ஆய்வகத்தில் டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறையில் ஒவ்வொரு சுற்றிலும் அது இரட்டிப்பாகிறது, 30 சுற்றில், கணக்குப்படி, ஒன்று நூறு கோடியைத் தாண்டும். அதனால் சில செல்களே போதும், அவை யாருடையவை என்று சொல்லிவிடலாம். எப்படி வந்தன, எப்போது வந்தன என்பதைச் சோதனைக்குழாய் சொல்லாது.

ஆகவே சந்தேகத்துக்கு ஆளானவர் முதலில் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்; நினைவைக் கசக்குவதைவிடப் பதிவுகளைத் தேட வேண்டும். மருத்துவமனைச் சீட்டு, பஸ் டிக்கெட், பணம் அனுப்பிய நேரம், கேமராப் பதிவு. கேமராப் பதிவுக்குத்தான் அவசரம், பழைய காட்சியின் மேலேயே புதியது பதிவாகிவிடும். செல்போன் கோபுரத் தகவல் போன் இருந்த வட்டாரத்தை மட்டுமே காட்டும். அது யார் கையில் இருந்தது என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும்.

அந்த இளைஞரின் செல்களைக் கொலை நடந்த வீட்டுக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸ்தான் அவர் அங்கே இல்லை என்பதற்கான பதிவையும் விட்டுச்சென்றது. பஸ் கம்பியிலோ ஒரு கைகுலுக்கலிலோ அவை தாவியிருந்தால், அதை எந்தப் பதிவேடும் எழுதி வைத்திருக்காது.