எண்ணெய் வழியும் தலைக்கு எந்த டிரை ஷாம்பு?

டிரை ஷாம்பு என்பது தண்ணீர் இல்லாமல் தலைமுடியின் எண்ணெய்ப் பிசுக்கைக் குறைக்கும் பொருள். ஸ்பிரே டப்பாவில் வந்தாலும் பவுடர் டின்னில் வந்தாலும் உள்ளே வேலை செய்வது ஏதோ ஒரு மாவுதான். அரிசி, மக்காச்சோளம், மரவள்ளி இவற்றின் ஸ்டார்ச் பெரும்பாலும் இருக்கும். சிலவற்றில் சிலிக்காவோ கயோலின் போன்ற களிமண்ணோ சேரும். இது எதையும் கழுவி வெளியேற்றுவதில்லை. முடியில் பரவிய எண்ணெயை உறிஞ்சித் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. சீப்பால் வாரும்போது மாவில் ஒரு பங்கு எண்ணெயோடு உதிர்ந்துவிடும். மீதி, அடுத்த முறை தலைக்குக் குளிக்கும்வரை தலையிலேயே கிடக்கும். இது மனத்தில் பதிந்தால், எதை வாங்குவது, எவ்வளவு போடுவது, எப்போது நிறுத்துவது என்ற மூன்றுக்கும் விடை தேடுவது எளிது.

தலையில் ஊறும் எண்ணெய்க்கு சீபம் என்று பெயர். ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒட்டியிருக்கும் சுரப்பியிலிருந்து இது கசிகிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இந்தச் சுரப்பிகள் கிடையாது; முகத்திலும் தலையிலும்தான் மிக நெருக்கமாக இருக்கின்றன. ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் இவற்றை முடுக்குவதால், பருவம் எய்தும் வயதில் முகப்பருவும் எண்ணெய்த் தலையும் சேர்ந்தே வருகின்றன. தலையில் எண்ணெய் ஊறுவது அழுக்காக இருப்பதன் அடையாளமல்ல. வகுப்பில் இதற்காகக் கேலிக்கு ஆளாகும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். அடிக்கடி தலைக்குக் குளித்தால் சுரப்பி இன்னும் அதிகமாகச் சுரக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். சுரப்பியை ஆள்வது ஹார்மோனும் பரம்பரையும்தான்; ஷாம்பு அதற்குக் கட்டளையிடுவதில்லை.

ஒரே அளவு எண்ணெய் இரண்டு தலைகளில் இரண்டு விதமாகத் தெரியும். நேரான மெல்லிய முடியில் எண்ணெய் வேரிலிருந்து நுனியை நோக்கி வழுக்கிக்கொண்டு இறங்கி, பக்கத்து இழைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். வேர்ப்பகுதி படிந்து, வகிடு அகன்று, முடி திரிதிரியாகப் பிரியும். சுருட்டை முடியில் வளைவுகள் தடுப்பதால் எண்ணெய் வேரோடு நின்றுவிடும். நுனி வறண்டே இருக்கும். ஆகவே நேர்முடிக்காரர்களுக்குத்தான் டிரை ஷாம்பு அதிகம் தேவைப்படுகிறது, பலனும் அவர்களுக்கே அதிகம்.

தலையில் மாவு தூவும் வழக்கம் பழையது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பொய்முடிக்கும் சொந்த முடிக்கும் ஸ்டார்ச் பவுடர் பூசுவது மேல்தட்டு நாகரிகம். 1795இல் பிரிட்டன் இதற்கு ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு கினி (அக்காலப் பிரிட்டிஷ் பொற்காசு) வரி விதித்தது. பவுடர் வழக்கமே அதன்பின் மங்கியது. எண்ணெயை எடுப்பதற்கென்றே விற்ற பவுடர்கள் பிறகு வந்தவை. 1940களில் அமெரிக்காவில் விற்ற ‘மினிபூ’ அவற்றில் ஒன்று. 1970களில் ஸ்பிரே டப்பாக்கள் பரவின.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மாவின் குணத்தை. எண்ணெய் மாவுத்துகளின் மேற்பரப்பிலும் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளிலும் ஏறுகிறது; துகள் பொடியாக இருக்க இருக்க, அதே எடைக்கு மேற்பரப்பு கூடும். அரிசி ஸ்டார்ச்சின் துகள் பெரும்பாலும் 3 முதல் 8 மைக்ரான்தான். மக்காச்சோளத் துகள் அதைவிடப் பெரியது. உருளைக்கிழங்குத் துகள் பல மடங்கு பெரியது. தலைமுடி இழையின் பருமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் என்பதால், அரிசி ஸ்டார்ச் இழையைச் சுற்றி மெல்லிய படலமாகப் படியும், கண்ணுக்குத் திட்டாகத் தெரியாது. பல ஸ்பிரேக்களில் இது முதன்மை மாவாக இருப்பதற்கு இது ஒரு நல்ல காரணம். சிலிக்கா நுண்துளைகள் கொண்டது. எடைக்கு எடை பார்த்தால் எண்ணெயை மிக அதிகமாகப் பிடித்துவைப்பது இதுதான். மத்தியானத்துக்குள்ளேயே வேர் ஒட்டிப்போகிறவர்களுக்கு ஸ்டார்ச்சோடு சிலிக்காவும் சேர்ந்த தயாரிப்பே பொருந்தும். ஆனால் சிலிக்கா அதிகமானால் முடி சொரசொரவென்று ஆகும், விரல் நுழையாது.

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. சாதாரண ஸ்டார்ச் எண்ணெயை மட்டுமல்ல, ஈரத்தையும் இழுக்கும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில், வேர்வை ஊறிய தலையில் போட்டால் மாவு குழைந்து உருண்டை கட்டும். இதற்காகவே ஸ்டார்ச்சை வேதிமுறையில் மாற்றி, தண்ணீரைத் தள்ளி எண்ணெயை ஏற்கும்படி செய்கிறார்கள். லேபிளில் ‘அலுமினியம் ஸ்டார்ச் ஆக்டெனைல்சக்சினேட்’ என்ற நீண்ட பெயர் இருந்தால் அது இந்த வகை. புழுக்கமான ஊரில் இருப்பவர்கள் இதைத் தேடி வாங்குவது நல்லது.

லேபிளில் பொருள்கள் எடைக்குத் தக்கபடி, அதிகமுள்ளது முதலாக வரிசையாக இருக்கும். ஸ்பிரே டப்பா என்றால் முதலில் பியூட்டேன், ஐசோபியூட்டேன், புரோப்பேன் என்று வரும். இவை மாவை வெளியே தள்ளும் வாயுக்கள். இவற்றைத் தாண்டி அடுத்து என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ச் முன்னால் இருந்தால் டப்பாவில் மாவு தாராளம். ஆல்கஹால் முன்னால் இருந்தால் போட்டதும் ஜில்லென்று இருக்கும், சீக்கிரம் உலரும். ஆனால் எண்ணெயை எடுக்க மாவு போதாமல் போகலாம். தோல் வறண்டு அரிப்பவர்களுக்கு ஆல்கஹால் எரிச்சல் தரும். வாசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் எண்ணெயை உறிஞ்சுவதில் அதற்குப் பங்கில்லை. ஒவ்வாமை உள்ளவர்கள் வாசனையற்றதை எடுப்பதே மேல்.

வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டரில் இருப்பதும் பியூட்டேனும் புரோப்பேனும்தான். அடுப்போ பூஜை விளக்கோ எரியும் இடத்தில் ஸ்பிரே அடிக்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய காரில் டப்பாவை விட்டுவைப்பதும் ஆபத்து. வாயுவால் வந்த இன்னொரு கவலையும் உண்டு. 2021 டிசம்பரில் புராக்டர் அண்ட் கேம்பிளும், 2022 அக்டோபரில் யூனிலீவரும், பென்சீன் கலந்திருக்கலாம் என்று அமெரிக்காவில் தங்கள் ஸ்பிரே டிரை ஷாம்புகள் சிலவற்றைத் திரும்பப் பெற்றன. பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அது மாவில் இருந்து வந்ததல்ல, பெட்ரோலியத்தில் இருந்து எடுக்கும் வாயுக்களோடு சேர்ந்து வந்தது என்றே சொல்லப்பட்டது. இந்தக் கவலையே வேண்டாம் என்றால் வாயு இல்லாத பவுடர் வகை இருக்கிறது. ஒரே இடத்தில் கொட்டிவிடாமல் தூவக் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

கறுத்த முடிக்கு வெள்ளை மாவு எதிரி. பழுப்புச் சாயம் சேர்த்து ‘டார்க்’ என்று விற்பவை வகிட்டில் சாம்பல் பூத்தாற்போல் தெரிவதைத் தவிர்க்கும். வெளிர்நிறச் சட்டைக் காலரிலும் தலையணை உறையிலும் கறை படியும் என்பது அதன் விலை. வீட்டில் இருக்கும் கார்ன்ஃபிளாரில் சிறிது கோகோ பவுடர் கலந்து தூவுவதும் அவசரத்துக்கு உதவும். கடலை மாவு இதற்கு ஆகாது. சற்றுக் கரகரப்பான அந்த மாவு நீரில் குழைத்துத் தேய்த்து அலசுவதற்கு ஏற்றது. உலர்ந்த முடியில் போட்டால் எளிதில் உதிராது. முகப் பவுடரைத் தலையில் கொட்டிக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அதில் பெரும்பாலும் இருக்கும் டால்க் எண்ணெயை எடுப்பதில் மந்தம். மேலும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024இல் அதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள்களின் வகையில் சேர்த்தது.

நல்ல மாவு வாங்கியும் பலன் இல்லை என்று சொல்பவர்களில் பலர் போடும் விதத்தில்தான் தவறுகிறார்கள். முடி முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். டப்பாவை நன்றாகக் குலுக்கி, உச்சியில் விரல் அகலத்துக்கு ஒரு வகிடு எடுத்து, ஒரு சாண் தூரத்துக்குக் குறையாமல் பிடித்து, வேரில் மட்டும் ஒரு நொடி அடிக்க வேண்டும். அடுத்த வகிடு, மறுபடி ஒரு நொடி. உச்சி, நெற்றியோரம், காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்கள் போதும், நுனிக்குத் தேவையில்லை. அடித்த கையோடு தேய்க்கக் கூடாது. மாவு எண்ணெயை இழுக்க ஐந்து நிமிடமாவது ஆகும். அதன்பின் விரல் நுனியால் வேரைப் பிசைந்துவிட்டு, தலையைக் கவிழ்த்து அடர்த்தியான பிரஷ்ஷால் வாரினால் வெள்ளை உதிரும், படிந்த முடி எழும்பும். எண்ணெய் மிகுந்த தலைக்கு இன்னும் பலன் தருவது, தலைக்குக் குளித்த நாள் இரவே, முடி சுத்தமாக இருக்கும்போதே போட்டுப் படுப்பது. ஊற ஊற எண்ணெய் மாவில் ஏறிவிடுவதால் காலையில் இழைகள் ஒட்டியிருக்காது.

தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையில் இது எடுபடாது. கையால் ஊற்றும் எண்ணெயின் அளவை எந்த மாவும் தாங்காது; பசைதான் மிஞ்சும். முந்தைய பூச்சின் மேல் மறுநாளும் அதற்கு மறுநாளும் பூசுவதும் அப்படியே. வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், அடுத்தடுத்த நாள்களில் வேண்டாம் என்பது பாதுகாப்பான கணக்கு. அறுவைச் சிகிச்சைக்குப் பின் தலை நனைக்கக் கூடாதவர்களுக்கும் படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கும் இது உண்மையிலேயே பெரிய உதவி. அவர்களுக்கு ஸ்பிரேயைவிடப் பவுடரை விரலில் தொட்டு வேரில் வைப்பது நல்லது. மூச்சில் மாவு ஏறாது.

கழுவும்போது முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக அலசி, பிறகு ஷாம்புவை விரல் நுனியால் தோலில் தேய்த்து, தேவையானால் இரண்டாம் முறையும் போட வேண்டும். தங்கிவிட்ட மாவும் எண்ணெயும் மயிர்க்கால் வாயில் சேர்ந்தால் அரிப்பும் சிறு கொப்புளங்களும் வரலாம். சீபத்தை உண்டு வாழும் மலசீசியா என்ற பூஞ்சைதான் பொடுகுக்கு முக்கியக் காரணம். பொடுகுச் செதிலை மாவு மறைக்குமே தவிர குணப்படுத்தாது. தோல் சிவந்து, மஞ்சள் செதிலாக உரிந்தாலோ, முடி கொத்தாக உதிர்ந்தாலோ டிரை ஷாம்புவை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கீட்டோகோனசோல் போன்ற மருந்து ஷாம்பு தேவையா என்பதை அவர் சொல்வார்.